டர்னிப்பை எப்போது விற்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' வீடியோ ஆட்டத்தில் போன ஞாயிறு, என் தீவுக்கு டர்னிப் கிழங்கு விற்க வரும் டெய்சி மேயிடம் ஒன்று 98 பெல்ஸ் (ஆட்டத்தின் பணம்) வீதம் வாங்கினேன், விலை ஏறும்போது கடையில் விற்கலாம் என்று. திங்கள் காலை கடை விலை 86. பிறகு வேளைக்கு நாலு நாலாக இறங்கியது. பயந்துபோய் புதன் காலை 70-க்குத் தள்ளிவிட்டேன். வெள்ளி காலை போய்ப் பார்த்தால் 412! இதில் கணக்கு உண்டா, சூதாட்டம்தானா?

க.

அன்புள்ள க.,

கணக்கு உண்டு. நீங்கள் அவசரப்பட்டதுதான் சிக்கல்.

கடை விலை ஒரு நாளைக்கு இரண்டு முறை மாறும்: காலை 8 மணிக்கு ஒன்று, நண்பகல் 12-க்கு ஒன்று, ஆக நாளுக்கு இரண்டு வேளை. ஒவ்வொரு வாரத்தின் விலைப்போக்கும் நான்கு தினுசில் ஒன்றாக இருக்கும்: ஏறி இறங்குவது, கடைசிவரை சரிவது, சின்ன ஏற்றம், பெரிய ஏற்றம். ஞாயிறு விலையில் 85–90 சதவீதத்தில் தொடங்கி ஒரே சீராக இறங்கினால் முதல் தினுசு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற மூன்றும் அப்படித் தொடங்கக்கூடியவை. அந்த நிலையில் விற்பது வீண். ஏற்றம் வருவதானால் வியாழன் பிற்பகலுக்குள் தொடங்கிவிடும். அதற்குள் தொடங்கவில்லை என்றால் வியாழனே விற்றுவிடுங்கள், சனிக்கிழமை இன்னும் குறையும்.

விலை நிமிர்ந்த பிறகு இரண்டாவது வேளையைக் கவனியுங்கள். ஞாயிறு விலை 100 என்றால், முதல் வேளை 120, அடுத்த வேளை 165 என்று 140-ஐத் தாண்டினால் பெரிய ஏற்றம். அதற்கடுத்த வேளைதான் உச்சம், 200 முதல் 600 வரை போகும். ஒரு வேளை தவறினாலும் பாதிக்குமேல் போய்விடலாம். இரண்டாவது வேளையும் 125 என்று தயங்கினால் சின்ன ஏற்றம். நான்காவது வேளையில் விற்க வேண்டும், 200-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கணக்குக்கு அடிப்படை உங்கள் தீவின் ஞாயிறு விலை. நண்பர் தீவில் வாங்கிய விலையை வைத்துப் போட்டால் எல்லாம் தப்பும்.

போன வாரத் தினுசும் உதவும். முழுக்கச் சரிந்த வாரத்துக்கு அடுத்து பெரிய ஏற்றம் வர 45 சதவீத வாய்ப்பு. பெரிய ஏற்றத்துக்கு அடுத்து வெறும் 5. உங்கள் வாரம் பெரிய ஏற்றம் என்பதால் இந்த ஞாயிறு குறைவாக வாங்குங்கள்.

ஆட்டத்தின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் சரக்கு அழுகிவிடும், வீட்டுச் சேமிப்பிலும் வைக்க முடியாது, தரையில்தான் பரப்ப வேண்டும். விற்கும் பொருளைப் போட்டுவைக்கும் கடை வாசல் பெட்டி டர்னிப்பை வாங்காது. இரவு 10-க்குள் உள்ளே போய் விற்க வேண்டும். கடையைப் பெரிதாக்க மூடும் நாளில் அதுவும் நடக்காது. உச்ச வேளை அன்று வந்தால் நண்பர் தீவுதான் கதி.

தீவில் வீட்டுக்காக டாம் நூக் தரும் கடனுக்கு வட்டியும் கிடையாது, கெடுவும் கிடையாது. அதற்காகக் கையிருப்பு முழுவதையும் டர்னிப்பில் போட வேண்டியதில்லை. எப்போதாவது வாரத்துக்குள் விற்க மறந்து அழுகிப்போனால் ஒன்றைத் தரையில் விட்டுவையுங்கள். எறும்பு வரும், அருங்காட்சியகத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம்.