ஃபியோர்டா, பெருங்கடலா? கப்பல் ஒத்துக்கொள்ளாதவருக்கு எந்தப் பயணம்?

கேள்வி: டாக்டர், எனக்கு 66 வயது. வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில். வீட்டுக்காரருக்கு 71. எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் கப்பல் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். மகள், நார்வேயில் 60 பேர் மட்டும் போகும் சின்னக் கப்பலில், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீண்டு கிடக்கும் ஃபியோர்டுகளைப் பார்த்துவரச் சொல்கிறாள். மகன், “சின்னக் கப்பல் ஆடும்மா, டர்பனிலேயே பெரிய கப்பல் ஏறி ரீயூனியன், மொரிஷியஸ் போய் வாங்க” என்கிறான். எனக்கோ ஜோஹானஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாய் வளைவுகளிலேயே வாந்தி வந்துவிடும். நான் சாப்பிடுவது பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட். அவருக்குச் சர்க்கரை, மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, கூடவே எனலாப்ரில். புராஸ்டேட் வீக்கமும் உண்டு. எதில் போனால் நல்லபடியாகத் திரும்புவேன்? கப்பலேறி வந்த பரம்பரைக்கு இப்படி ஒரு வயிறா என்று மகன் கிண்டல் வேறு.

பதில்: முதலில் பரம்பரைக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் வந்தவர்களிலும் பலர் வாந்தி எடுத்துக்கொண்டேதான் வந்திருப்பார்கள். இந்த உபாதையே ஓரளவு பரம்பரையாக வருவது. பெண்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் கூடுதல். ஆகவே மகனுக்கும் அந்த வயிறு வாய்த்திருக்கலாம். அவர் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டில் ஒன்று என்றால் ஃபியோர்டுக்குப் போங்கள். ஆனால் பணம் கட்டுமுன் கப்பலின் படத்தை வைத்துவிட்டு வழித்தடத்தின் வரைபடத்தைப் பாருங்கள். அந்த வழியில் மறைவில்லாத கடல் எத்தனை மணி நேரம் என்பதுதான் உங்கள் வயிற்றுக்கு முக்கியம்.

உள்காதில் சமநிலை உறுப்பு “ஆடுகிறோம்” என்கிறது. அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்கும் கண் “அசையவில்லை” என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. ஏறி இறங்கும் ஆட்டம்தான் மோசம். அதிலும் ஒரு முறை ஏறி இறங்க ஏறத்தாழ 5 விநாடி ஆகும் ஆட்டம் மிக மோசம். அதைவிட மிக வேகமாக ஆடினால் உடம்பு வலிக்கும், மிக மெதுவாக ஆடினால் தூக்கம் வரும். குமட்டல் இரண்டிலும் குறைவு.

இப்போது மகன் சொன்னதைப் பார்ப்போம். ஆழ்கடலில் 8 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 60 மீட்டர் நீளக் கப்பல் அந்த அலையில் முழுசாக ஏறி முழுசாக இறங்கும். 300 மீட்டர் கப்பல் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைகளின் மேல் கிடக்கும், பெரிதாக அசையாது. இன்னொன்று: 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் சின்னக் கப்பல் அந்த அலையை நேருக்கு நேர் சந்தித்தால், 8 விநாடி அலை கப்பலுக்கு 6 விநாடிக்கும் குறைவான அலையாகிவிடும். அதாவது, சரியாக உங்களைக் குமட்ட வைக்கும் தாளம். ஆகவே திறந்த கடலில் சின்னக் கப்பல் ஆடும் என்று மகன் சொன்னது சரி.

ஆனால் ஃபியோர்டு திறந்த கடல் இல்லை. காற்று பலமாக, நெடுநேரம், நீண்ட நீர்ப்பரப்பின் மேல் வீசினால்தான் பெரிய அலை எழும். ஃபியோர்டுக்குள் நீர்ப்பரப்பு குறுகல்; பக்கத்தில் மலைச்சுவர். நேரோய்ஃபியோர்டின் மிகக் குறுகிய இடம் 250 மீட்டர் அகலம்தான். சொக்னஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. கடலின் பேரலை அங்கே எட்டிப் பார்க்காது. மலையிலிருந்து இறங்கும் காற்று சில நேரம் முகத்தில் அறையும், தண்ணீர் சிலிர்க்கும், ஆனால் கப்பலை அசைக்கும் அலை எழாது.

தொல்லை, ஒரு ஃபியோர்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில். பெர்கன் துறைமுகத்திலிருந்து ஹார்டங்கர், சொக்ன ஃபியோர்டுகளுக்குப் போகும் வழி பெரும்பாலும் தீவுகளின் மறைவிலேயே போகும். அதற்கு வடக்கே கெய்ராங்கர் ஃபியோர்டுக்குப் போக வேண்டுமானால் ஸ்டாட் என்ற முனையைச் சுற்ற வேண்டும். அங்கே மறைக்கத் தீவுகள் இல்லை. சில மணி நேரம் அட்லாண்டிக் நேரே வந்து மோதும். அந்த முனையைத் தவிர்க்கவே மலையைக் குடைந்து கப்பல் போகும் சுரங்கம் ஒன்றைத் திட்டமிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் வடக்கே ஹுஸ்டாட்விகா இன்னொரு திறந்த இடம். 2019 மார்ச்சில் வைகிங் ஸ்கை என்ற பெரிய கப்பல் புயலில் என்ஜின் நின்று தத்தளித்தது அங்கேதான். இன்னும் வடக்கே லோஃபோட்டன் தீவுகளுக்குப் போனால் வெஸ்ட்ஃபியோர்டு. பெயரில்தான் ஃபியோர்டு, உண்மையில் திறந்த கடல். ஆகவே பெர்கனில் ஏறி, ஹார்டங்கர், சொக்ன பார்த்து, பெர்கனிலேயே இறங்கும் வழித்தடம் உங்களுக்கு ஏற்றது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். குளிர்காலப் புயல்கள் ஓய்ந்திருக்கும். மருத்துவத்துக்கு வெளியே ஒரு வார்த்தை: 2026 ஜனவரி முதல் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிக் கப்பல்கள் புகை கக்கிக்கொண்டு கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகளுக்குள் போகக் கூடாது என்பது நார்வே சட்டம். மகள் பார்த்த கப்பல் அங்கே உண்மையில் நுழையுமா என்று கேட்கச் சொல்லுங்கள். விளம்பரப் படம் பழையதாக இருக்கலாம்.

மொரிஷியஸ் வழி வேறு கதை. டர்பனிலிருந்து போர்ட் லூயி 1,500 கடல் மைலுக்கு மேல். 18 நாட் வேகத்தில் போனாலும் மூன்றரை நாள், திரும்ப ஏறத்தாழ அவ்வளவு. மடகாஸ்கரின் தென்முனையைச் சுற்றும்போது தெற்குப் பெருங்கடலின் நீண்ட அலை தென்மேற்கிலிருந்து வரும். போகும்போது அது பின்னாலிருந்து வருவதால் கப்பல் பக்கவாட்டில் மெதுவாக உருளும். அதைக் கப்பலின் துடுப்பு நிலைப்படுத்திகள் நன்றாக அடக்கும். திரும்பும்போது அதே அலை எதிரே வந்து மூக்கைத் தூக்கிப் போடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை நிலைப்படுத்தியால் தடுக்க முடியாது. டர்பன் கப்பல்கள் ஓடும் நவம்பர்–ஏப்ரல் பருவம்தான் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் பருவமும். டர்பன் வாசலிலேயே அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. தென்மேற்குக் காற்று அதற்கு எதிரே வீசும் நாளில் அலை செங்குத்தாக எழும். நடுக்கடலில் மூன்று நாள் வாந்தி என்றால் இறங்கிப் போக இடமில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும் என்பது உண்மைதான். பழகும் நேரத்தில் ரீயூனியனில் இறங்கியிருப்பீர்கள்.

மாத்திரைக்கு வருவோம். வாந்தி தொடங்கியபின் போடும் மாத்திரை பயன்படாது. குமட்டும்போது இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடும், மாத்திரை அங்கேயே கிடந்து வெளியே வரும். ஆகவே முன்கூட்டியே போட வேண்டும். உங்களுக்கு சின்னரிசைன் (ஸ்டுகெரான்) 25 மி.கி. ஒன்று, திறந்த கடல் வருவதற்கு 2 மணி நேரம் முன்னால், கொஞ்சம் சாப்பிட்டபின். அடுத்தது 8 மணி நேரம் கழித்து, அதுவும் இன்னும் கடலில் இருந்தால் மட்டும். கப்பல் எத்தனை மணிக்கு மறைவை விட்டு வெளியே வரும் என்று முதல் நாளே வரவேற்பு மேசையில் கேளுங்கள். ஃபியோர்டுப் பயணத்தின் பெரிய வசதியே அந்த நேரம் முன்கூட்டித் தெரிவதுதான். வீட்டில் ஒரு நாள், கார் ஓட்டாத நாளில், ஒன்று போட்டுப் பாருங்கள். 65-க்கு மேல் இந்த வகை மருந்துகள் தள்ளாட்டமும் குழப்பமும் தரக்கூடும். எலும்பு மெலிந்தவர் ஆடும் கப்பலில் தூக்கக் கலக்கத்தோடு குளியலறைக்குப் போவது வாந்தியைவிட ஆபத்து. பார்க்கின்சன் உள்ளவர்கள் சின்னரிசைனைத் தொடக் கூடாது. வேலாய்டு (சைக்ளிசைன்) அதற்கு மாற்று. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கீமோதெரபி வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரானை யாராவது தந்தால் வாங்கி வைக்க வேண்டாம், இந்தக் குமட்டலுக்கு அது வேலை செய்யாது. மணிக்கட்டுப் பட்டை மனத் திருப்திக்கு. இஞ்சி சிலருக்கு உதவும், கெடுதல் இல்லை.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை 72 மணி நேரம் வேலை செய்யும். நீண்ட கடல் பயணத்துக்கு அதைத்தான் சொல்வார்கள். உங்கள் வயதில் நான் அதைத் தர மாட்டேன். உங்களவர் எடுத்து ஒட்டிக்கொண்டால் புராஸ்டேட் வீக்கத்தில் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். வேலாய்டும் அவருக்கு அப்படித்தான். அவருக்குக் குமட்டல் வராதென்றால் எந்த மாத்திரையும் வேண்டாம்.

அறை நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். மூக்குப் பக்கத்து அறை மலிவாகக் கிடைத்தால் காரணம் இருக்கிறது. திறந்த கடலில் வெளித்தளத்தில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். முடியாவிட்டால் கண்ணை மூடி மல்லாந்து படுங்கள். போன், புத்தகம் கூடாது. காலி வயிறும் கூடாது: ரஸ்க், உப்பு பிஸ்கட், வெறும் சோறு. அந்த நாள் அலெண்ட்ரோனேட் நாளாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். அதை விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். படுத்தாலோ வாந்தி எடுத்தாலோ உணவுக்குழாய் புண்ணாகும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலைப்பட்டது உங்களைப் பற்றி. எனக்குக் கவலை அவரைப் பற்றித்தான். கிளிக்லசைடு போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை இறங்கும். வியர்வை, வெளிறல், குமட்டல், தலைசுற்றல்: தாழ்சர்க்கரைக்கும் கடல் குமட்டலுக்கும் முகம் ஒன்றுதான். “அலைக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் மீட்டரில் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 4 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வாந்தி நிற்காத நாளில் மெட்ஃபார்மினும் எனலாப்ரிலும், உங்களுடைய ஹைட்ரோகுளோரோதயசைடும் நிறுத்தி வைக்க வேண்டியவை. நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு நாள் கழித்துத் தொடரலாம். எதை எப்போது நிறுத்துவது என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். உடம்பில் வற்றிய நீரை ஈடுகட்டும் ரீஹைட்ராட் போன்ற தூள் பத்துப் பொட்டலம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு; மடக்கு மடக்காக. சர்க்கரை நோயாளியும் குடிக்கலாம், மீட்டரைப் பார்த்துக்கொண்டு. செப்டம்பர் கடைசியில் போய் அவர் புரட்டாசி விரதமும் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. கப்பல் ஆடாமல் நிற்கும்போது அவருக்கு வியர்த்து வாந்தி வந்தால் அது கடல் குமட்டல் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். உடனே ஈசிஜி வேண்டும்.

இதற்காகத்தான் கப்பலில் டாக்டர் உண்டா என்று கேட்க வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றி, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் டாக்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல்தொழிலாளர் ஒப்பந்த விதி. 60 பயணிகள் கப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் போகலாம். ஆனாலும் ஃபியோர்டில் கரை கண்ணெதிரே இருக்கும். பெர்கனிலும் ஃபோர்டெயிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு, மீட்பு ஹெலிகாப்டர் வரும். மடகாஸ்கருக்குத் தெற்கே நடுக்கடலில் டாக்டர் இருப்பார், ஹெலிகாப்டர் எட்டாது. நார்வே போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் பிரஷரும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சின்னக் கப்பலில் உங்கள் எலும்புக்கும் ஒரு எதிரி இருக்கிறது: வேகமாகப் பாயும் ரப்பர் படகுச் சவாரி. அலையில் எகிறி விழும்போது முதுகெலும்புக் கட்டை நசுங்கி முறியும். முன்வரிசையில் அடி அதிகம். மெதுவாகக் கரைக்குக் கொண்டுவிடும் படகு சரி, வேகச் சவாரிக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். கப்பலில் லிஃப்ட் உண்டா, படிகள் எவ்வளவு செங்குத்து, கதவடி நிலை எவ்வளவு உயரம் என்றும் கேளுங்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. வெயில் காலத்திலும் அங்கே மழையும் குளிரும் உண்டு.

மருந்து நேரத்தில் குழப்பம் வராது. நார்வேயின் கோடைக்கால மணியும் நம் மணியும் ஒன்றே. மொரிஷியஸ்தான் இரண்டு மணி நேரம் முந்தியது. விமானப் பயணம் நெடியது; இருவரும் முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறை போட்டு, மணிக்கொருமுறை எழுந்து நடங்கள்.

திரும்பி வந்து இரண்டு நாள் சாட்ஸ்வொர்த் வீட்டுத் தரை ஆடுவதுபோல் இருந்தால் பயப்படாதீர்கள், தானே போகும். ஒரு மாதம் தாண்டியும் ஆடினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.