முதலில் தாளம், பிறகு சுரம்

கேள்வி: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மகள், சிறுவயது முதல் வாய்ப்பாட்டுப் பயில்பவள். இப்போது கணினியில் நிரல் எழுதி இசையமைக்க விரும்புகிறாள். நிரலாக்கம் அவளுக்குப் புதிது. வீட்டில் கீபோர்டும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: கீபோர்ட் தேவையில்லை, மடிக்கணினியும் ஹெட்போனும் போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஆரன் உருவாக்கி 2012இல் வெளிவந்த ‘சோனிக் பை’ என்ற இலவச மென்பொருள் பாடசாலை மாணவரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது என்பதால், நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும்; ஆனால் தொடக்கத்துக்கு நான்கைந்து சொற்களே போதும்.

அதில் ‘பிளே 60’ என்று எழுதி இயக்கினால் ஒரு சுரம் ஒலிக்கும். அதை ஷட்ஜமாக (‘ச’) கொண்டால் மேல் ஷட்ஜம் 72; இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு சுரத்தானம். எனவே உங்கள் மகள் முதற்பாடமாகப் படித்திருக்கக்கூடிய மாயாமாளவகௌளை இராகம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்றாகிவிடும். அவர் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவரானால், எல்லா எண்களிலும் 5ஐக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த எட்டையும் வரிசையாக எழுதினால் மட்டும் ஆரோகணம் (சுரங்களின் ஏறுவரிசை) வராது. எட்டும் ஒரே கணத்தில் சேர்ந்து ஒலிக்கும். ஒரு சுரத்துக்குப்பின் எவ்வளவு நேரம் கழித்து அடுத்தது வர வேண்டும் என்பதை ‘ஸ்லீப்’ என்ற கட்டளையால் நாமே சொல்ல வேண்டும். வேகத்தை மாற்றாதவரை ‘ஸ்லீப் 1’ என்பது ஒரு வினாடி. அதை முதற்காலமாக வைத்தால் 0.5 இரண்டாம் காலம், 0.25 மூன்றாம் காலம். கையில் தாளம் போட்டுச் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடியவருக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் ஆயத்த ஒலித்துண்டுகளை ஒட்டிப் பார்ப்பதைவிட, தெரிந்த ஒரு சரளி வரிசையை முழுதாக எழுதிப் பார்ப்பது அவருக்கு நல்ல தொடக்கம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அது கைவந்தபின், எழுதிய பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் ‘லைவ் லூப்’பைப் பழகட்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றி மீண்டும் இயக்கினால், அடுத்த ஆவர்த்தனத்தில் மாற்றம் கேட்கும்.

கடினமானது கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் இழுத்தும் பாடுவது. எண்கள் தனித்தனிப் படிகளாக நிற்பதால், வெறும் ‘பிளே’ கட்டளைகளில் இராகம் உயிரற்றுத்தான் ஒலிக்கும். ஒலிக்கும் சுரத்தை ‘நோட் ஸ்லைட்’, ‘கன்ட்ரோல்’ ஆகியவற்றால் இன்னொன்றுக்கு இழுக்க முடியும். எவ்வளவு நேரத்தில், எந்தச் சுரம்வரை என்பதை, தாமே பாடிப் பார்த்து, ஒவ்வோர் அசைவாக அவர்தான் எழுத வேண்டும்.