பழைய டிரைக்: மணிக்கணக்கு குறைவென்றால் வாங்கிவிடலாமா?

கேள்வி: பொழுதுபோக்காகப் பறப்பதற்கு, இருவர் அமரக்கூடிய டிரைக் (துணி இறக்கையின் கீழ் என்ஜின் பூட்டிய மூன்று சக்கர வண்டி தொங்கும் சிறு வானூர்தி) ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியிருக்கிறேன். வயது 12 ஆண்டுகள். ரோட்டாக்ஸ் 582 என்ஜின். 140 மணி நேரமே ஓடியது என்கிறார் விற்பவர். இறக்கையைப் பிரிக்காமல், பக்கங்கள் திறந்த கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார். சிறு விமானம் ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. வாங்கலாமா?

பதில்: 140 மணி நேரம் என்பது பலருக்கும் நல்ல பேரமாகத் தோன்றும், எனக்கு அது தயக்கத்தையே தருகிறது. இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினை முழுமையாகச் சீரமைக்கத் தயாரிப்பாளர் வகுத்த கெடு 300 மணி நேரம் அல்லது 5 ஆண்டுகள், எது முந்துகிறதோ அது. மணிக்கணக்கில் பாதியைக்கூட எட்டாத அந்த என்ஜின், ஆண்டுக்கணக்கில் இருமுறை சீரமைப்பைக் கண்டிருக்க வேண்டும். ஓடாமல் நிற்கும் என்ஜினுக்குள் ஈரம் படிந்து பேரிங்குகள் துருப்பிடிக்கும், ரப்பர் சீல்கள் இறுகும். சீரமைத்ததற்கான பதிவேடு இல்லையென்றால் அந்தச் செலவு முழுவதையும் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.

என்ஜின் நின்றாலும் டிரைக் சறுக்கியபடி தரையிறங்கிவிடும் என்பதால், என் முதல் கவலை இறக்கையைப் பற்றியது. அதன் பாய்த்துணி பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் துணியையும், அதைவிட முன்னதாகத் தையல் நூலையும் நைந்துபோகச் செய்யும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் துணியும் வலுவிழந்திருக்கலாம். ஊசியைத் துணியில் செருகி, வில் தராசால் குறிப்பிட்ட அளவுக்கு இழுத்துப் பார்க்கும் பெட்ஸோமீட்டர் சோதனையை, வெயில் அதிகம் படும் மேற்பரப்பிலும் தையல்களிலும் உங்கள் சார்பில் வரும் பரிசோதகரைக் கொண்டு செய்வியுங்கள். விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இறக்கையோடு வண்டியை இணைக்கும் தொங்கு போல்ட், அது உடைந்தால் வண்டியைத் தாங்கும் மாற்றுக் கம்பிவடம், பக்கவாட்டுக் கம்பிவடங்கள் ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் மாற்றும் கெடு விதித்திருப்பார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தேதியோடு கேளுங்கள். அந்த இறக்கை அந்த வண்டிக்கே அங்கீகரிக்கப்பட்டதா என்பதையும் ஆவணத்தில் பாருங்கள், ஏனெனில் வேறொரு வண்டியின் இறக்கையைப் பொருத்தி விற்பதும் உண்டு.

விமான அனுபவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால் மூக்கு உயரும். டிரைக்கிலோ இறக்கையோடு இணைந்த கைப்பிடிக் கம்பியை முன்னே தள்ளினால்தான் உயரும், இழுத்தால் வேகம் கூடும். வலப்பக்கம் திரும்பக் கம்பியை இடப்பக்கம் தள்ள வேண்டும். தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் மிதியும் அப்படியே எதிர்மாறானது. பதற்றத்தில் பழைய பழக்கமே கைகளை இயக்கும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு பயிற்றுநருடன் சில மணி நேரம் பறந்து பாருங்கள். இந்த வகை உங்களுக்கு ஒத்துவராது என்று அப்போது தெரிந்தால் இழப்பு பயிற்சிக் கட்டணம் மட்டுமே.