தூசிப் பாட்டும் மூன்று விரலும்

கேள்வி: என் பேரனுக்குப் பதினேழு வயது. காலையில் கொரியப் பாட்டு, ராத்திரியில் இங்கிலீஷ் படம். இப்படியே வளர்கிற பிள்ளைக்குப் பிறந்த நாட்டின் மேல் அக்கறை எப்படி வரும்?
- பர்மாவின் தட்டோனிலிருந்து ஒரு தாத்தா

பதில்: ஐயா, என் அண்ணனைப் பார்த்து எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார்.

ரங்கூன் வீட்டில் எங்களிடம் ஒரு கேசட் பிளேயர் இருந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் குழு 1977இல் வெளியிட்ட ‘டஸ்ட் இன் தி விண்ட்’ பாட்டை அண்ணன் நாடா தேயும்வரை போட்டுக் கேட்பார். மனிதர்கள் காற்றில் பறக்கிற தூசி என்கிற பாட்டு. அர்த்தம் தெரிந்திருந்தால் அப்பாவுக்குப் பட்டினத்தார் நினைவு வந்திருக்கும்.

1988இல் ஆட்சியை எதிர்த்துப் போராடிய மாணவர்களைச் சுட்டார்கள். அந்தப் போராட்ட நாட்களில் நைங் மியன்மா என்பவர் அதே மெட்டுக்குப் பர்மிய வரிகள் எழுதினார். வெளிநாட்டு மெட்டில் நம் வரியைப் போடும் காப்பி தச்சின் இங்கே புதிதல்லவே! ஆனால் ‘கபா மச்சே பூ’ என்ற அந்தப் பாட்டை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மெட்டில் அதே துக்கம்தான். எல்லாம் தூசி என்று சொன்ன பாட்டு, செத்தவர்களை உலகம் உள்ளவரை மறக்கமாட்டோம் என்று சொல்லும் பாட்டாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, 88இல் பிறந்தே இராத பிள்ளைகள் அதைத் தெருவில் பாடினார்கள். இரவு எட்டு மணிக்குப் பால்கனியில் நின்று எதிர்ப்பைக் காட்டப் பாத்திரம் தட்டிய நானும் கூடவே பாடினேன்.

அப்புறம் மூன்று விரலை உயர்த்திக் காட்டும் அந்தச் சைகை. ‘ஹங்கர் கேம்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் வருவது அது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கத்திய இளைஞர்கள் அதை எதிர்ப்புச் சின்னமாக்கினார்கள். 2021இல் நம் ஆஸ்பத்திரி ஊழியர்கள் உயர்த்தினார்கள். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையிலேயே நம் தூதர் சோ மோ துன் உயர்த்திக் காட்டினார். படம் பார்த்ததால் யாரும் தெருவுக்கு வரவில்லை, ஐயா. கோபம் இங்கேயே இருந்தது. அதைக் காட்ட ஒரு சைகை வேண்டியிருந்தது, பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாப் படமும் இப்படிப் பயன்படும் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலானவை பொழுதுபோக்குதான், இருக்கட்டும். ஆனால் நம்மை நினைத்துப் பாருங்கள். அறுபதுகளில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எனக்குத் தமிழ் படிக்கப் பள்ளி ஏது? கோயிலில் கொஞ்சம், மீதியெல்லாம் மெட்ராஸிலிருந்து வந்த சினிமாப் பாட்டு. கடல் தாண்டி வந்த அந்தப் பாட்டுதான் என்னைத் தமிழச்சியாக வைத்தது. அதனால் நான் பர்மாக்காரி இல்லாமல் போகவில்லை.

பேரன் படம் பார்க்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். அவனுக்கு என்ன பிடிக்கிறது என்று கேளுங்கள். சரி, 88இல் தட்டோனில் நீங்கள் பார்த்ததை அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?