சுருக்கம் சரி, தொகுப்பு எங்கே?

வணக்கம்.

ஆசிரியர் பயிற்சியில் முதலாண்டு படிக்கிறேன். வாரம் நான்கு கட்டுரைகள் கொடுத்து, அவற்றைத் தொகுத்து இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். அடிக்கோடிட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் ஒழுங்காகத்தான் சுருக்கினேன். ‘சுருக்கம் சரி, தொகுப்பு எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியர். நான்கு சுருக்கத்தையும் வரிசையாக வைத்தால் அது தொகுப்பு இல்லையா? இந்தப் பயிற்சியால் வகுப்பறையில்தான் என்ன பயன்?

ர.

அன்புள்ள ர.,

இல்லை. உளவியலாளர் பியாஜே இப்படிச் சொல்கிறார், இன்னொரு உளவியலாளர் வைகாட்ஸ்கி இப்படிச் சொல்கிறார், கல்விச் சிந்தனையாளர் டூயி இப்படிச் சொல்கிறார் என்று பத்தி பத்தியாகப் போனால், அவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து பேசுவதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பத்தியை ஆளை வைத்துப் பிரிக்காமல் கேள்வியை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு கேள்வி சொல்கிறேன். சின்னக் குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறதே, அது எதற்கு? பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில் அதைத் தன்மையப் பேச்சு என்றார். பிறர் கோணத்தில் பார்க்க இன்னும் பழகாத குழந்தையின் பேச்சு அது, மற்றவர்களோடு பழகப் பழகத் தேய்ந்து மறையும் என்பது அவர் கணிப்பு. வைகாட்ஸ்கி அதே பேச்சை எடுத்துக்கொண்டு ஒரு குறும்பு செய்தார். படம் வரையப் போகும் குழந்தைக்கு வேண்டிய நிறப் பென்சில் இல்லாமல் செய்துவிட்டார். நீலம் எங்கே, பரவாயில்லை, சிவப்பில் வரைந்து தண்ணீர் தொட்டால் கறுத்து நீலம் மாதிரி ஆகிவிடும் என்று குழந்தை தானே பேசி வழி கண்டுபிடிக்கிறது. இப்படிச் சிக்கல் வந்தபோதெல்லாம் தனிப்பேச்சு கூடியது. ஆக, அந்தப் பேச்சு சிந்தனைக்கு உதவுகிறது, பிறகு மறைந்துபோகாமல் உள்ளே போய் மௌனச் சிந்தனையாகிறது என்றார் அவர். (வைகாட்ஸ்கி 1934இல் இறந்துவிட்டார். இந்த விமர்சனத்துக்கு பியாஜேயின் பதில் அச்சில் வந்தது 1962இல். என் பதில் தாமதமானதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இனி உங்கள் பத்தி இப்படித் தொடங்கலாம்: ‘குழந்தை தனக்குத்தானே பேசுகிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை; அந்தப் பேச்சு பின்னால் என்ன ஆகிறது என்பதில்தான் பிரிகிறார்கள்.’ இந்த ஒரு வாக்கியம் இரண்டு கட்டுரையிலும் இல்லை. நீங்கள் எழுதியது. பேராசிரியர் தேடியது இதைத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கணக்குப் போடும்போது முணுமுணுக்கும் பிள்ளையை ‘சத்தம் போடாதே’ என்று அடக்கலாமா? முதல் கட்டுரையை மட்டும் படித்தவர் அடக்கிவிடக்கூடும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தவர் கொஞ்சம் யோசிப்பார்.

சுருக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடிக்கோட்டை நம்பாதீர்கள். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, இவர் எதை நிறுவப் பார்க்கிறார், யாரை மறுக்கிறார், என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று நான்கைந்து வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் படிக்கவில்லை என்று பொருள். அப்புறம் திறந்து சரிபாருங்கள். மற்றவர் எழுதிய சுருக்கத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ‘சாரக்கட்டு’ (பிள்ளை தானே செய்யப் பழகும்வரை கொடுத்து, பிறகு விலக்கிக்கொள்ளும் உதவி) என்ற சொல் நல்ல சாட்சி. அதை வைகாட்ஸ்கியின் சொல் என்றே பலர் எழுதுகிறார்கள். கற்பித்தலில் அந்த உருவகத்தை 1976இல் கொண்டுவந்தவர்கள் வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும். வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலத்தோடு (பிள்ளை தனியாகச் செய்ய முடியாமல், துணையோடு செய்ய முடிகிற எல்லை) அதைப் பின்னால்தான் சேர்த்தார்கள்.

நான்கும் ஒரே கேள்வியில் வந்து சேராத வாரமும் உண்டு. மூன்றை இணைத்துவிட்டு, நான்காவது ஏன் இதில் சேரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். வலிந்து ஒட்டவைத்ததைவிட அந்த இரண்டு வரிக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். உங்கள் பேராசிரியர் போடுவாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.