நிலத்தை அடமானம் வைக்காதீர்கள், மகன் லினக்ஸ் கற்கட்டும்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கட்-ஆஃப் நினைத்த அளவு வரவில்லை. மைத்துனர் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில், செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்காகச் செய்யாற்றுப் பக்கம் உள்ள ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்க வேண்டும். மகனோ பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும் என்கிறான். அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற ஏதோ இலவச இயங்குதளத்தோடு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அடமானம் வேண்டாம். முன்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். பிரிவின் பெயரை வைத்து யாரும் வேலை தருவதில்லை, ஆனால் கடனுக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி ஏறும். அதைக் கட்டப்போவது மைத்துனர் அல்ல.

"இலவசமாகக் கிடைப்பதைக் கற்றவனுக்கு யார் சம்பளம் தருவார்கள்?" என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் அதுதான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017இலிருந்து அதில்தான் ஓடுகின்றன. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் பராமரிப்பும் இல்லை என்றாகிவிடாது. வலைத்தளங்களை இயக்கும் சர்வர் கணினி நள்ளிரவில் நின்றால் எழுப்பிவிட ஆள் வேண்டும், சம்பளம் அந்த ஆளுக்குப் போகிறது. லினக்ஸை நிறுவனங்களுக்கு ஏற்றபடி தொகுத்து, பராமரிப்புக்கு மட்டும் சந்தா வாங்கும் ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசப் பொருளைச் சுற்றி எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்தப் பழைய லேப்டாப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே இல்லை. உங்கள் மகன் போயிருக்கிறான். புதிய விண்டோஸ் ஏற மறுக்கும் இயந்திரத்தில்கூட டெபியன் என்ற லினக்ஸ் வகையும், எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த திரை அமைப்பும் தாராளமாக ஓடும்.

ஆனால் அவன் ஆர்வம் உண்மையானதா என்று பார்த்தாக வேண்டும். வாரம் ஒரு லினக்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, திரையின் பின்னணிப் படத்தையும் நிறத்தையும் அழகுபடுத்துவது படிப்பாகாது. ஒன்றிலேயே ஒரு வருடம் நிலைக்கச் சொல்லுங்கள். கணினி எழவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறானா, கணினி தன்னுள் நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து எங்கே பிசகியது என்று தேடுகிறானா? தேடுகிறவன் என்றால் இந்தத் தொழில் அவனுக்குப் பொருந்தும்.

முதல் வருடம், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையிலேயே வாழட்டும். கோப்பு அனுமதிகள், பயனர் கணக்குகள், கட்டளைகளைத் தொகுத்து எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட், நெட்வொர்க் எல்லாம் அதில் அடங்கும். இரண்டாம் வருடம் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வேறொரு கணினிக்குள் நுழைவது, ஒரு வலைத்தள சர்வரை எழுப்புவது, பேக்கப் எடுப்பது. தரவை வேண்டுமென்றே அழித்துவிட்டு, எடுத்த பேக்கப்பிலிருந்து அதை மீட்டுப் பார்ப்பதுதான் முக்கியம், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பவே கூடாது. கூடவே பைத்தான் நிரல்மொழியும், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியும். மூன்றாம் வருடம், லினக்ஸ் கணினிகளை நிர்வகிப்பவருக்கான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வு. அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது. ஓடும் கணினியைக் கொடுத்து வேலை செய்யச் சொல்வார்கள், அணைத்துத் திரும்ப இயக்கிய பிறகும் செய்தது நிலைக்க வேண்டும். பயிற்சிக்கு, ரெட் ஹாட்டின் லினக்ஸை ஒத்த ராக்கி லினக்ஸோ அல்மா லினக்ஸோ போதும், இரண்டுமே இலவசம். தேர்வுக் கட்டணம் அதிகம், சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும், ஆகவே தயாராகும் முன் எழுத வேண்டாம். நூறு சதவீதம் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். கணியம் தளத்தில் தமிழிலேயே இலவச மின்னூல்கள் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். கேட்டால் சொல்லித்தருவார்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. மகன் கட்டட வரைபடத்தையோ வடிவமைப்பையோ விரும்பியிருந்தால் இந்தப் பாதையை நானே தடுத்திருப்பேன். சில வைஃபை கார்டுகளும் பிரின்டர்களும் அடம்பிடிக்கும். வேலைக்குப் போன புதிதில் சம்பளம் குறைவாக இருக்கும், இரவுப் பணி வரும். பி.இ. இல்லாதவர் விண்ணப்பத்தைத் திறக்காமலே ஒதுக்கும் நிறுவனங்களும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஆங்கிலம். கையேடுகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்கிறீர்கள், தினமும் ஒரு பக்கமாவது படித்துக் குறிப்பெடுக்கும் பழக்கம் இன்றே தொடங்க வேண்டும். இதில் சலுகை கிடையாது.

மூன்று வருடம் கழித்துப் பெரிய பட்டம் வேண்டும் என்று அவனுக்கே தோன்றினால், பிளஸ் டூவில் கணிதம் இருப்பதால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கணினிப் பயன்பாட்டுக்கான இரண்டாண்டு முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ. சேரலாம். அரசுக் கல்லூரி கிடைத்தால் அதற்கும் நிலத்தைத் தொட வேண்டியதில்லை. இப்போது அவசரம் ஒன்றுதான்: அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பாடத்தை மகனே தேர்ந்தெடுக்கட்டும். மைத்துனருக்கு அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.