துப்பாக்கிச் சூடா, துப்பாக்கிச் சண்டையா?

வணக்கம். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். செய்திகளில் ஒரே சம்பவத்தைத் தலைப்பில் ‘துப்பாக்கிச் சண்டை’ என்கிறார்கள், உள்ளே ‘துப்பாக்கிச் சூடு’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? ஈழத்து எழுத்தில் வரும் ‘சமர்’ என்ற சொல்லையும் இதற்குப் பயன்படுத்தலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றல்ல. மாற்றிப் போடவே கூடாது. கெடு கேடு ஆவதுபோல, படு பாடு ஆவதுபோல, சுடு என்பது நீண்டு சூடு ஆகிறது. ஆகவே துப்பாக்கிச் சூடு என்றால் யாரோ சுட்டார்கள், அவ்வளவுதான். எதிரே நின்றவர் கையில் என்ன இருந்தது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. சண்டை என்று எழுதிவிட்டால் அவரும் திருப்பிச் சுட்டார் என்று நீங்களே சாட்சி சொன்னதாக ஆகிவிடும். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் நடந்ததை யாராவது சண்டை என்பார்களா? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்ததும் துப்பாக்கிச் சூடுதான். 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஓட்டலுக்குள் கமாண்டோக்களும் தாக்க வந்தவர்களும் மாறி மாறிச் சுட்டார்களே, அது சண்டை.

சமர் வேண்டாம். ஆனையிறவுச் சமர் என்னும்போது இரண்டு படைகள் கண்முன் வருகின்றன. தெருமுனையில் நாலு பேர் சுட்டுக்கொள்வதற்கு அது மிகப் பெரிய சொல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு நெடுநாளாக உறுத்துவது அதுதான். ‘என்கவுன்டர்’ என்பதற்குக் காவல்துறை தரும் பொருள் மோதல். மோதுவது என்றால் ஒருவனோடுதான் மோத முடியும். ஆனால் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள்? ‘அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க.’ அவனோடு இல்லை, அவனை! அந்த ஒரு ‘ஐ’ உருபில், எதிர்ப்பக்கம் சண்டையே இல்லை என்ற சந்தேகத்தை மக்கள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள், இதை எந்த இலக்கண ஆசிரியரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

காவல்துறை சுட்டு மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், தனி விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்த விசாரணை முடியும் முன்பே தலைப்பில் சண்டை என்று தீர்ப்பு எழுத நாம் யார்? அப்படிப்பட்ட செய்தி உங்கள் மேசைக்கு வந்தால், ‘காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், அவர் முதலில் சுட்டதாகக் காவல்துறை கூறுகிறது’ என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளும்தான், நீளட்டும்.